வைரஸ் காய்ச்சலுக்குப் பின் லூபஸ் ஃப்ளேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய். பல மாதங்கள் கட்டுக்குள் இருந்த அது, ஒரு சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு மூட்டுவலியாகவும் முகச்சிவப்பாகவும் தலையெடுப்பது நோயாளிகள் அடிக்கடி சந்திக்கும் அனுபவம். காய்ச்சல் அடிக்கும்போது எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்துவது, எப்போது பரிசோதனைக்குப் போவது என்ற குழப்பம் அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் உண்டு. அந்தக் கேள்விகளுக்கான விளக்கங்கள் இங்கே தரப்பட்டுள்ளன. இவை பொதுவானவை, உங்கள் மருந்தளவைப் பற்றிய முடிவை உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரே எடுக்க வேண்டும்.

ஃப்ளேர் என்று எதைச் சொல்கிறோம்?

அடங்கியிருந்த லூபஸ் மீண்டும் தீவிரமடைந்து, புதிய அறிகுறிகளைக் காட்டும் அல்லது பழைய அறிகுறிகளை மோசமாக்கும் கட்டத்தையே ஃப்ளேர் என்கிறோம். சிலருக்கு அது மூட்டுவலி, வாய்ப்புண், முடி உதிர்தல், கடும் சோர்வு என்ற அளவில் நின்றுவிடும். வேறு சிலருக்கு அது சிறுநீரகம், இதயத்தையும் நுரையீரலையும் சுற்றியுள்ள உறைகள், மூளை, இரத்த அணுக்கள் ஆகியவற்றைத் தாக்கும். ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து வரும் ஃப்ளேர்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும் என்பதால், சென்ற முறை எது முதலில் தோன்றியது என்பதை நினைவில் வைத்திருப்பது மிகவும் உதவும்.

ஒரு வைரஸ் காய்ச்சல் லூபஸை ஏன் கிளறிவிடுகிறது?

இதற்கான விடையின் மையத்தில் இருப்பது இன்டர்ஃபெரான் என்ற புரதம். வைரஸ் உடலுக்குள் நுழைந்தவுடன், அதன் மரபணுப் பொருளை அடையாளம் கண்டு எச்சரிக்கை எழுப்பும் உணரிகள் நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள் உள்ளன. டி.எல்.ஆர்.7 என்ற உணரி வைரஸின் ஆர்.என்.ஏ.வையும், டி.எல்.ஆர்.9 என்ற உணரி டி.என்.ஏ.வையும் கண்டறிகின்றன. எச்சரிக்கை எழுந்ததும் அந்த அணுக்கள் முதல் வகை இன்டர்ஃபெரானைப் பெருமளவில் சுரந்து, அண்டை அணுக்களை வைரஸுக்கு எதிராகத் தயார்ப்படுத்துகின்றன. காய்ச்சலின்போது நாம் உணரும் உடல்வலிக்கும் அசதிக்கும் இந்தப் புரதமும் ஒரு காரணம். ஆரோக்கியமானவர்களுக்குத் தொற்று நீங்கியதும் இதன் சுரப்பு அடங்கிவிடும்.

லூபஸ் உள்ளவர்களிடம் இந்த எச்சரிக்கை அமைப்பு ஏற்கெனவே விழித்த நிலையில்தான் இருக்கிறது. 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இரு ஆய்வாளர்கள் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தார்கள். 1979இல் லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பது பதிவானது. ஹெபடைடிஸ் சி போன்ற நோய்களுக்கு இன்டர்ஃபெரானையே மருந்தாகச் செலுத்தியபோது, அதற்கு முன் லூபஸ் இல்லாத சிலருக்கு லூபஸைப் போன்ற நோய் தோன்றியதும் இந்தத் தொடர்பை உறுதிப்படுத்தியது. ஆகவே புதிதாக வரும் வைரஸ், எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் மேலும் விறகைத் தள்ளுவதற்கு ஒப்பாகிறது.

தொற்றின்போது ஏராளமான அணுக்கள் மடிகின்றன என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். மடிந்த அணுக்களிலிருந்து சிதறும் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் உடல் விரைவாக அப்புறப்படுத்த வேண்டும். லூபஸில் அந்தத் துப்புரவுப் பணி மந்தமாக நடக்கிறது. அங்கேயே தங்கிவிடும் அந்தத் துண்டுகளுடன் லூபஸின் எதிர்ப்பொருட்கள் (சொந்த உடலையே குறிவைக்கும் புரதங்கள்) ஒட்டிக்கொண்டு, அதே டி.எல்.ஆர்.7, டி.எல்.ஆர்.9 உணரிகளை வந்தடைகின்றன. உணரிகளால் இவற்றை வைரஸிலிருந்து பிரித்தறிய இயலுவதில்லை. வைரஸ் வெளியேறிய பின்னும் எச்சரிக்கை ஓயாமல் நீடிப்பது இதனால்தான். டி.எல்.ஆர்.7க்கான மரபணு, பெண்களிடம் இரண்டாக உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. அந்த ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே ஒரு சிறுமிக்கு லூபஸை உண்டாக்கியது என்பதை 2022இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

அப்படியானால் லூபஸே ஒரு வைரஸ் நோயா? அது பிறருக்குத் தொற்றுமா?

லூபஸ் தொற்றுநோய் அன்று. தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, தாம்பத்தியத்தாலோ அது பரவாது. ஆனால் இந்த ஐயம் மருத்துவ உலகிற்கே ஒரு காலத்தில் இருந்தது. 1960களின் இறுதியில் லூபஸ் நோயாளிகளின் சிறுநீரகத் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், இரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்களுக்குள் வலைபோலப் பின்னிக் கிடந்த நுண்குழல்களைக் கண்டு, அவை வைரஸ் துகள்களாக இருக்கலாம் என்று எண்ணினார்கள். அவை வைரஸ்கள் அல்ல, இன்டர்ஃபெரான் அந்த அணுக்களில் விட்டுச்சென்ற தடயங்கள் என்பது பின்னர் தெரிந்தது. வைரஸ் இல்லாமலேயே, வைரஸ் புகுந்ததுபோல் உடல் நடந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை என்றே நினைக்கிறேன்.

எந்தெந்த வைரஸ்களைக் குறித்து அதிகக் கவனம் தேவை?

அதிகம் ஆராயப்பட்டது எப்ஸ்டைன் பார் வைரஸ். வயது வந்தோரில் மிகப் பெரும்பாலானோரின் உடலில் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கும் இந்த வைரஸ் தங்குமிடமாகக் கொள்வது, எதிர்ப்பொருட்களை உருவாக்கும் பி அணுக்களையே. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லூபஸ் உள்ள சிறார்கள், இளையோர் 117 பேரில் 116 பேருக்கு இந்த வைரஸ் தொற்றியதற்கான சான்று இருந்தது. லூபஸ் இல்லாத அதே வயதினரிடம் அது சுமார் 70 சதவீதமாகவே இருந்தது. இந்த வைரஸின் ஒரு புரதத்திலுள்ள சில பகுதிகள் நம் உடலின் சொந்தப் புரதங்களை ஒத்திருப்பதால், வைரஸுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் உடலையும் தாக்கத் தொடங்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். ஆயினும் இந்த வைரஸ் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே லூபஸ் வருகிறது என்பதால், அதை மட்டுமே காரணமாகச் சுட்ட முடியாது.

பார்வோ வைரஸ் பி19 வேறு விதமான சிக்கலை உண்டாக்குகிறது. கன்னச்சிவப்பு, மூட்டுவீக்கம், இரத்த அணுக்களின் குறைவு, சில வேளைகளில் லூபஸைக் கண்டறிய உதவும் ஏ.என்.ஏ. என்ற எதிர்ப்பொருள் பரிசோதனையில் தற்காலிக நேர்மறை முடிவு என்று அது லூபஸையே அச்சாகப் போலி செய்யும். குழந்தைகளிடமிருந்து பெரியவர்களுக்கு எளிதில் தொற்றும் இந்த வைரஸ் புதிய லூபஸாகவோ ஃப்ளேராகவோ தவறாகக் கணிக்கப்பட்டால், தேவையற்ற ஸ்டீராய்டு தரப்படும் அபாயம் உண்டு. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களிடம் சைட்டோமெகலோ வைரஸும் இவ்வாறே ஏமாற்றும். டெங்குவில் காய்ச்சலோடு தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறையும். லூபஸிலும் அவை குறையும். இன்ஃப்ளூயன்சா, கோவிட் ஆகியவற்றுக்குப் பிறகும் ஃப்ளேர்கள் பதிவாகியுள்ளன.

காய்ச்சலுக்கு எத்தனை நாள் கழித்து ஃப்ளேர் வரும்?

கறாரான கணக்கு கிடையாது. சிலருக்குக் காய்ச்சலோடு காய்ச்சலாகவே தொடங்கிவிடும். பலருக்கு அது தணிந்து சில நாட்களிலோ சில வாரங்களிலோ தலைகாட்டும். தொற்று நீங்கியும் சோர்வு சில வாரங்கள் நீடிப்பது யாருக்கும் இயல்பே. சோர்வோடு காலையில் நெடுநேரம் நீங்காத மூட்டு விறைப்பு, புதிய வாய்ப்புண், முகத்திலோ கையிலோ சிவப்பு, கால்வீக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மருத்துவரிடம் தெரிவிப்பது நல்லது. ஒவ்வொரு சளிக்காய்ச்சலும் ஃப்ளேரில் முடியும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலானவை அப்படி முடிவதில்லை.

இப்போது அடிப்பது தொற்றுக் காய்ச்சலா, லூபஸ் காய்ச்சலா என்று எப்படி அறிவது?

அனுபவம் மிக்க மருத்துவர்களையும் திணறவைக்கும் கேள்வி இது. இதற்கு ஒரே பரிசோதனையில் விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தொண்டைவலி, மூக்கொழுகல், இருமல், வீட்டில் வேறொருவருக்கும் காய்ச்சல் என்பவை தொற்றின் பக்கம் சாய்கின்றன. குளிர் நடுக்கத்தோடு வரும் கடும் காய்ச்சல், பாக்டீரியா தொற்றைக் குறித்து எச்சரிக்கிறது. முந்தைய ஃப்ளேர்களின் அதே வரிசையில் அறிகுறிகள் தோன்றினால் லூபஸை ஐயுற வேண்டும்.

இரத்தப் பரிசோதனைகளில் சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீட்டுக்கு லூபஸில் தனி இயல்பு உண்டு. ஃப்ளேரின்போது ஈ.எஸ்.ஆர். என்ற மற்றோர் அழற்சிக் குறியீடு உயர்ந்தாலும், சி.ஆர்.பி. பெரும்பாலும் அவ்வளவாக உயர்வதில்லை. நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ அழற்சி இருந்தாலோ, மூட்டழற்சி கடுமையாக இருந்தாலோ உயரக்கூடும். ஆகவே சி.ஆர்.பி. வெகுவாக ஏறியிருந்தால் முதலில் பாக்டீரியா தொற்றைத் தேடுவது வழக்கம். ஆனால் வைரஸ் தொற்றிலும் சி.ஆர்.பி. மிதமாகவே இருப்பது உண்டு என்பதால், வைரஸா ஃப்ளேரா என்ற கேள்விக்கு அது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. நிணநீர் அணுக்களின் எண்ணிக்கையும் இரண்டிலும் குறையும்.

அந்த இடத்தில் உதவுபவை எதிர்ப்பு மண்டலத்துக்குத் துணைநிற்கும் சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்களும், டி.என்.ஏ.வைக் குறிவைக்கும் ஆன்டி டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருளின் அளவும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான். சாதாரணத் தொற்றில் காம்ப்ளிமென்ட் அளவு இயல்பாகவோ சற்றுக் கூடியோ இருக்கும். தீவிர ஃப்ளேரில் அது செலவழிந்து குறையும். இங்கே பார்க்க வேண்டியது ஆய்வகம் அச்சிட்டுத் தரும் இயல்பளவை மட்டுமன்று, உங்களுடைய பழைய அளவையும்தான். எப்போதுமே சி4 குறைந்திருக்கும் ஒருவரிடம் இன்றும் அது குறைந்திருப்பதால் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது. நோய் அமைதியாக இருந்த காலத்து அறிக்கைகளை ஒரே கோப்பில் தேதிவாரியாக அடுக்கி, அவசர நேரத்தில் எடுத்துச்செல்லும் வகையில் வைத்திருப்பவர்களுக்குச் சரியான முடிவு விரைவாகக் கிடைக்கிறது.

தொற்றும் ஃப்ளேரும் ஒரே நேரத்தில் இருக்கவும் கூடும். அதனால்தான் மருத்துவர் சில வேளைகளில் இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சையைத் தொடங்குகிறார்.

காய்ச்சலின்போது லூபஸ் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

"எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை, தொற்று நேரத்தில் வேண்டாம்" என்று எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்தச் செயல்தான் பல நேரங்களில் காய்ச்சலைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கிறது. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தக் கூடாது. அது எதிர்ப்பாற்றலை அடக்கித் தொற்றுக்கு வழிவிடும் மருந்து அன்று. முன்பு சொன்ன டி.எல்.ஆர். உணரிகள் அணுவுக்குள் இருக்கும் அமிலத்தன்மை வாய்ந்த நுண்பைகளில் இயங்குகின்றன. இந்த மருந்து அந்தப் பைகளின் அமிலத்தன்மையைக் குறைத்து, உணரிகளின் கூக்குரலைத் தணிக்கிறது. வைரஸ் தூண்டும் ஃப்ளேரின் வேரிலேயே வேலைசெய்யும் மருந்தைக் காய்ச்சல் நாட்களில் கைவிடுவது பொருத்தமற்றது. 1991இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில், நோய் அமைதியாக இருந்தவர்களில் மருந்தைத் தொடர்ந்த 25 பேரில் 9 பேருக்கும், அதற்குப் பதில் வெற்று மாத்திரை பெற்ற 22 பேரில் 16 பேருக்கும் 24 வாரங்களுக்குள் ஃப்ளேர் வந்தது. இந்த மருந்து உடலிலிருந்து மெல்ல மெல்லவே நீங்குவதால், நிறுத்திய முதல் வாரத்தில் எதுவும் நேராது. அதைப் பார்த்து மருந்து தேவையில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் நான்கு வாரங்களுக்கு மேலாக உட்கொண்டுவரும் ஒருவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். காய்ச்சலின்போது உடலுக்கு, அந்தச் சுரப்பி தரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வழக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்படும். அந்நேரத்தில் மாத்திரையும் நின்றுபோனால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் ஏற்படும். இதனால் காய்ச்சல் நாட்களில் மருத்துவர்கள் அளவைக் குறைப்பதற்கு மாறாகத் தற்காலிகமாகக் கூட்டச் சொல்வதும் உண்டு. உங்களுக்கு எவ்வளவு என்பதை உடல்நலமாக இருக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடர் வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லையென்றால் ஊசி மூலம் செலுத்த வேண்டியிருக்கும். அதற்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான மைக்கோஃபினோலேட், அசதயோபிரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றின் நிலை வேறு. தொற்று கடுமையாக இருக்கும்போது இவற்றைச் சில நாட்கள் நிறுத்திவைக்க மருத்துவர் சொல்லலாம். எத்தனை நாள், எப்போது மீண்டும் தொடங்குவது என்ற இரண்டையும் அப்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நிறுத்தியதை மீண்டும் தொடங்க மறந்துபோவதே ஃப்ளேருக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு.

காய்ச்சலுக்கும் வலிக்கும் எந்த மாத்திரை ஏற்றது? ஆன்டிபயாட்டிக் சாப்பிடலாமா?

பாராசிட்டமால்தான் முதல் தெரிவு. ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரக பாதிப்பு உள்ளவர்களுக்குக் கேடு செய்பவை. லூபஸ் நோயாளிகளில் சிலருக்கு ஐபுப்ரோஃபெனால் கிருமியற்ற மூளையுறை அழற்சி வந்ததும் பதிவாகியுள்ளது. டெங்கு என்ற ஐயம் இருந்தால், இரத்தக்கசிவு அபாயத்தினால் இவற்றை அறவே தவிர்க்க வேண்டும். இதய நலத்துக்காகவோ இரத்தம் உறைவதைத் தடுக்கவோ மருத்துவர் எழுதித்தந்த ஆஸ்பிரினை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ஆன்டிபயாட்டிக் வைரஸை அழிக்காது. பாக்டீரியா தொற்றுக்காக அது தேவைப்படும்போது, லூபஸ் இருப்பதைத் தவறாமல் சொல்லுங்கள். கோ-டிரைமாக்சசோல் போன்ற சல்ஃபா வகை மருந்துகள் லூபஸ் உள்ளவர்களுக்குத் தோல் ஒவ்வாமையையும் ஃப்ளேரையும் தூண்டக்கூடியவை.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மூலிகைகளும் சத்து மாத்திரைகளும் உதவுமா?

லூபஸில் எதிர்ப்பு மண்டலம் பலவீனமாக இல்லை, திசைமாறி இயங்குகிறது. அதைத் தூண்டிவிடுவதாக விளம்பரப்படுத்தப்படும் எதையும் தவிர்ப்பதே அறிவுடைமை. எகினேசியா என்ற மூலிகையும், எல்-கனாவனைன் என்ற பொருளைக் கொண்ட அல்ஃபால்ஃபா முளைகளும் ஃப்ளேரைத் தூண்டியதாகப் பதிவுகள் உள்ளன. வைட்டமின் டி குறைவு இருந்தால் மருத்துவர் தரும் அளவில் அதை ஈடுசெய்வது இதில் சேராது.

வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் தேவைப்படுமா?

சில தொற்றுகளுக்குத் தேவைப்படும், அதுவும் விரைவாக. உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாக எரிச்சலும் கொப்புளங்களும் தோன்றும் அக்கி, லூபஸ் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால் பலன் கூடும். இன்ஃப்ளூயன்சாவுக்கான மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. கோவிடுக்கான நிர்மட்ரெல்விர்–ரிட்டோனாவிர் கூட்டு மருந்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் ஆபத்தான உயரத்துக்கு ஏற்றிவிடும். அவற்றை உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தடுப்பூசியே ஃப்ளேரை வரவழைக்காதா?

இந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. தடுப்பூசிக்குப் பின் சிலருக்கு ஓரிரு நாள் காய்ச்சலும் வலியும் இருக்கும். அரிதாக லேசான ஃப்ளேரும் வரலாம். ஆனால் உண்மையான தொற்று கிளப்பும் இன்டர்ஃபெரான் வெள்ளத்தோடும் அதன் சிக்கல்களோடும் ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. உயிரற்ற வகைத் தடுப்பூசிகளை, குறிப்பாக ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளூயன்சா ஊசி, நிமோகாக்கஸ் ஊசி, கோவிட் ஊசி, மறுசேர்க்கை முறையில் தயாரான அக்கி ஊசி ஆகியவற்றை, லூபஸ் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம். நோய் அமைதியாக இருக்கும் காலமே அதற்கு ஏற்றது. தட்டம்மை–புட்டாளம்மை–ரூபெல்லா, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள வகை ஊசிகளை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் இருப்பவர்கள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவர்கள், நோய் இடங்கொடுத்தால், இன்ஃப்ளூயன்சா ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அதை நிறுத்திவைக்கலாம் என்று அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2022 வழிகாட்டுதல் கூறுகிறது. பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைப் பெறுபவர்களுக்குத் தடுப்பூசியின் நாளைத் திட்டமிட்டுக் குறிக்க வேண்டும். இல்லையேல் அது பலன் தராமல் போகும்.

காய்ச்சல் விட்ட பிறகு, உடல் தேறிவிட்டது போலிருக்கிறது. பரிசோதனை அவசியமா?

அவசியம். இந்தப் பக்கத்தில் ஒன்றையாவது செயல்படுத்துவதென்றால், இதையே செயல்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். சிறுநீரக ஃப்ளேர் வலிக்காது. மூட்டு வலித்தால் நோயாளி மருத்துவரிடம் ஓடுவார். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் சேதமடையும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. கழிப்பறையில் சிறுநீர் விழுந்த இடத்தில் நுரை எழுந்து, தண்ணீர் ஊற்றிய பின்னும் அடங்காமல் நிற்பது, மாலையில் காலுறையின் விளிம்பு கணுக்காலில் ஆழமாகப் பதிவது, காலையில் இமைகள் உப்பியிருப்பது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் தடயங்கள். இவை தோன்றும் முன்பே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருக்கும்.

குறிப்பிடத்தக்க தொற்று எதற்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் சிறுநீர்ப் பரிசோதனை, புரதம்–கிரியேட்டினின் விகிதம், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கிரியேட்டினின், சி3, சி4, ஆன்டி டி.எஸ்.டி.என்.ஏ. ஆகியவற்றைப் பார்க்க முடியுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இரத்த அழுத்தத்தையும் அளவிட வேண்டும். காய்ச்சலின்போதே தற்காலிகமாகச் சிறிது புரதம் வெளியேறக்கூடும் என்பதால், அது தணிந்த பின் எடுப்பதே தெளிவான முடிவைத் தரும். நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் புரதம் வெளியேறுவது நீடித்தால், சிறுநீரகத் திசுப் பரிசோதனையைப் பற்றி மருத்துவர் பேசக்கூடும்.

எந்நிலையில் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் இருப்பவர்களுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலே அன்றைக்கே மருத்துவரை அழைக்கப் போதுமான காரணம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடல் மிகவும் மோசமாக இருந்தால் உடல் சொல்வதையே நம்புங்கள். மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, வலிப்பு, குழப்பம், ஒரு பக்கம் கைகால் தளர்தல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், தோலில் புதிய ஊதாப் புள்ளிகள், நிற்காத இரத்தக்கசிவு ஆகியவற்றுக்கு அவசரப் பிரிவே இடம். இரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குத் தொற்றின்போது இரத்தம் உறையும் அபாயம் கூடும். அவர்கள் நீரிழப்புக்கு இடம்கொடுக்காமல், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தவறவிடாமல் இருக்க வேண்டும். நாட்கணக்கில் இறங்காத காய்ச்சலோடு எல்லா இரத்த அணுக்களும் சரிந்து இரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் மிக உயர்ந்தால், எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிக் கிளர்ந்தெழும் மேக்ரோஃபேஜ் கிளர்ச்சி நோய்க்குறி என்ற அரிய, ஆனால் கொடிய நிலையை மருத்துவர்கள் தேடுவார்கள். எப்ஸ்டைன் பார் வைரஸ் அதைத் தூண்டக்கூடியது.

ஃப்ளேர் என்று உறுதியானால் சிகிச்சை எப்படி இருக்கும்?

எந்த உறுப்பு பாதிக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது அது. லேசான ஃப்ளேருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சரியான அளவில் தொடர்ந்து, குறைந்த அளவு ஸ்டீராய்டைக் குறுகிய காலம் சேர்ப்பது போதுமானதாகலாம். உறுப்புகள் பாதிக்கப்பட்டால் கூடுதல் அளவு ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் தேவை. 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அனிஃப்ரோலுமாப், முதல் வகை இன்டர்ஃபெரானின் ஏற்பியையே அடைக்கிறது. இன்டர்ஃபெரான் வைரஸுக்கு எதிரான காவலும் ஆகையால், இதைப் பெறுபவர்களுக்கு அக்கி வருவது கூடுகிறது. அக்கித் தடுப்பூசியைப் பற்றி முன்னதாகவே பேசிவிடுவது நல்லது.

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். லூபஸ் உள்ள தாய் விலகியிருக்க வேண்டுமா?

குழந்தையைப் பிரிந்திருப்பது எளிதன்று, பெரும்பாலும் அது தேவைப்படுவதும் இல்லை. முகக்கவசம் அணிவது, குழந்தையின் மூக்கைத் துடைத்ததும் சோப்பால் கைகழுவுவது, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவது, தட்டையும் குவளையையும் பகிராமல் இருப்பது ஆகியவை தொற்றின் வாய்ப்பைக் குறைக்கும். இரவுக் கண்விழிப்பை வேறொருவர் ஏற்றுக்கொள்ள முடிந்தால் நல்லது. குழந்தைக்குச் சின்னம்மையாக இருந்து, தாய்க்கு முன்பு அது வந்ததோ ஊசி போட்டதோ இல்லையென்றால், அவருக்குக் கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். தொற்றைத் தடுக்கும் சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள்தான் தர முடியும். தாய் கருவுற்றிருந்தால் சின்னம்மையோடு பார்வோ வைரஸையும் கருத்தில் கொள்ள வேண்டும், ஏனெனில் அது கருவிலுள்ள சிசுவுக்குக் கடும் இரத்தசோகையை உண்டாக்கக்கூடும். கர்ப்ப காலத்திலும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடர வேண்டிய மருந்தே. வீட்டிலுள்ள மற்றவர்கள் அனைவரும் தங்களுக்குரிய தடுப்பூசிகளை நாள் தவறாமல் போட்டுக்கொள்வது, லூபஸ் உள்ளவருக்குக் கிடைக்கும் நேரடியான பாதுகாப்பு.